பொட்டு வைத்த பட்டன்

அத்தியாயம் ஏழு

யானையின் கால் தடத்தில் தண்ணீர் நின்றிருந்தது.

தொட்டியிலிருந்து வழிந்த தண்ணீர். ஒரு தடம் மட்டும் வீட்டைப் பார்த்து முழுசாகப் பதிந்திருந்தது, முறத்தளவு. மற்றவை சேற்றில் குழைந்து, தைல மரத் தோப்பைக் கடந்து, சானமாவு காட்டுப் பக்கம் போயிருந்தன. மணிமேகலை அதன் ஓரத்தில் நின்று பார்த்தாள். வாரத்தில் அவளுக்கு இருக்கும் ஒரே லீவு நாள் இப்படி விடிந்தது.

“பாத்தியாம்மா?” என்றார் மாமனார் நாராயணப்பன். “இங்கருந்து வூடு எவ்ளோ தூரம்? நடுவுல ராகிக் கதிருப் போரு இருக்குது. இன்னிக்கித் தண்ணிக்கு வந்துச்சு. நாளைக்கிப் போருக்கு வரும். அப்பறம் வூட்டுக்கு வரும்.”

“ரோந்து வர்றோம்னு வனத்துறைக்காரங்க சொன்னாங்களே மாமா.”

“அவங்க வருவாங்க. யானை அவங்களக் கேட்டுக்கிட்டா வருது?”

அவர் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார்.

“கரியப்பனுக்குச் சொல்லியாச்சு. மத்தியானத்துக்கு மேல வருவான். இன்னிக்கி அந்தப் பொட்டியக் கழட்டிடறன்.”

மணிமேகலை நிமிர்ந்தாள். மோட்டார் கொட்டகைச் சுவரில் அந்தப் பெட்டி இருந்தது. வெள்ளை நிறம், டிபன் கேரியர் உயரம். மேலே விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு ஆன்டெனா, முன்னால் பச்சை, சிவப்புப் பட்டன்கள்.

அவளுடைய புருஷன் ஹரீஷ்குமார் வாங்கி மாட்டியது. உள்ளே ஒரு சிம் கார்டு. பதிந்து வைத்த நம்பரிலிருந்து அழைத்தால் இரண்டு ரிங் போகும், தானே கட் ஆகும், மோட்டார் ஓடும். மறுபடி அழைத்தால் நிற்கும். ஓடினாலும் நின்றாலும் நாராயணப்பனின் ஃபோனுக்கு ஒரு அழைப்பு வரும். பெட்டியைக் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியில் வாங்கினான். அதனால் அதற்குள் இருக்கும் பெண் கன்னடத்தில்தான் சொல்வாள். ‘மோட்டார் ஆன் ஆகிதே.’

த்ரீ பேஸ் கரண்ட் ஒரு வாரம் பகலில் வரும், ஒரு வாரம் ராத்திரியில் வரும். ராத்திரியில் வந்தால் அவன் அப்பா டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எதிரில் யானை நின்றால் டார்ச் என்ன செய்யும்? அதற்காக வாங்கினான்.

நாராயணப்பன் ஆயில் எஞ்சினுக்கு ஹேண்டில் போட்டுச் சுற்றியவர். பிறகு பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன் வரை வந்தார். அதற்கு மேல் வரவில்லை. “கூப்ட்டா ஓடறதுக்கு அது என்ன நாயா?” என்று கேட்டுவிட்டு, கொட்டகைக்கு நடந்து போய்ப் பட்டனைத்தான் அழுத்துவார்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, ஹரீஷ்குமார் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினான். திரும்பவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது, கம்பெனி அவனை ஆடியிலேயே நிறுத்திவிட்டது. அதன் பிறகும் அவன் தினம் டப்பாவோடு போயிருக்கிறான். எங்கே போனான், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டான், யாருக்கும் தெரியாது. பைக் ஓசூர் பஸ் நிலையத்து வண்டி ஸ்டாண்டில் கிடைத்தது. ஃபோன் ஸ்விட்ச் ஆஃப். போலீஸில் எழுதிக் கொடுத்தாயிற்று.

கார்த்திகையில் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது.

தானாக என்று ஊர் சொன்னது. வீட்டுக்கு வேறு கணக்கு இருந்தது. பெட்டியில் பதிந்தது இரண்டு நம்பர். ஒன்று நாராயணப்பனுடையது. அந்த ஃபோன் அவர் சட்டைப் பையில் இருக்கும்போதே மோட்டார் ஓடியது. மிச்சம் இருப்பது ஒரே நம்பர்.

மணிமேகலை அந்த நம்பரை அழைத்துப் பார்க்காத நாள் இல்லை. எப்போதும் ஸ்விட்ச் ஆஃப்தான்; பெங்களூர் சிம், அதையும் ஒரு கன்னடப் பெண் குரல்தான் சொல்லும். ஒரு நிமிஷம் ஆன் செய்கிறார், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறார், மறுபடி அணைத்துவிடுகிறார். அவள் அப்படித்தான் வைத்துக்கொண்டாள். போலீஸிடம் இதைச் சொல்லவில்லை. துரத்தினால் அதுவும் நின்றுவிடும்.

“இன்னும் ஒரு வாரம் விடுங்க மாமா.”

“வுட்டா?”

“அவரு இருக்காருன்னு அது ஒண்ணுதான சொல்லுது.”

நாராயணப்பன் காலால் சேற்றைத் தள்ளி யானைத் தடத்தை மூடப் பார்த்தார். அது மூடவில்லை.

“இருக்கறவன் வரணும்மா. தண்ணி வுட்டா ஆச்சா?”

*

கரியப்பன் டிவிஎஸ் ஐம்பதில் வந்தான். பின்னால் பழைய ஸ்டார்ட்டர், சாக்கில் கட்டியிருந்தது. இந்தப் பக்கத்து மோட்டார்கள் எல்லாம் அவன் கை பட்டவை.

“நாராயணண்ணா, ஊரே ஸ்டார்ட்டரக் கழட்டிட்டுப் பொட்டி மாட்டுது. நீ பொட்டியக் கழட்டிட்டு ஸ்டார்ட்டர் மாட்ற. உன்னையும் அதோட சேத்துச் செவுத்துல மாட்டிடறன், ஜனங்க வந்து பாக்கட்டும்.”

“மாட்டுடா. மொதல்ல அதக் கழட்டு.”

“த்ரீ பேஸ் வரட்டும். ஒருக்கா ஓட்டிப் பாத்துட்டுத்தான் கழட்டுவன். நாளைக்கி மோட்டார நான் கெடுத்துட்டன்னு சொல்லுவ நீ.”

மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான். பல்லி ஒன்று வெளியே வந்து சுவரில் ஏறியது.

“ஏம்மா, கரண்ட் வந்ததும் தானா ஓடற மாதிரி ஆட்டோல போட்டிருப்பானோன்னு நெனச்சன்,” என்றான் மணிமேகலையிடம். “இல்ல. ஆஃப்லதான் இருக்குது. யாராச்சும் கூப்பிட்டாத்தான் ஓடும்.”

“எனக்குத் தெரியும்ணா.”

“எத்தன நம்பரு ஏத்தி வெச்சான்?”

“மாமாவோடது. அவரோடது.”

“உன்னோடது?”

“நான் ஷிஃப்டுக்குப் போயிடறன். கம்பெனிக்குள்ள ஃபோனே வுடமாட்டாங்க.”

சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. அவள் வேலை பார்ப்பது ஃபோன் தயாரிக்கும் கம்பெனியில். நாளெல்லாம் கையில் ஃபோன்கள் வந்து போகும். இன்னும் யாரையும் அழைக்காத, யாரும் அழைக்காத ஃபோன்கள். கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று சாய்த்துப் பார்ப்பாள். சில நாள் அதில் அவள் முகத்துக்குப் பின்னால் யாரோ நிற்பது போலத் தெரியும். திரும்பினால் அடுத்த வரிசைப் பெண் இருப்பாள்.

கொட்டகைக்குள் பச்சை விளக்கு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது.

மூன்று பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கரியப்பன் பீடியை எடுத்தான், பற்ற வைக்காமல் காதில் செருகினான்.

“எப்ப ஓடும்?”

“சாயந்திரந்தான். டீ நேரத்துக்கு,” என்றார் நாராயணப்பன்.

“அப்ப டீ குடிச்சிக்கிட்டே பாப்பம்.”

மணிமேகலை டீ கொண்டுவர வீட்டுக்கு நடந்தாள்.

*

வீட்டில் அத்தை நாகம்மாவைக் காணவில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து பேச்சுக் குரல் வந்தது. மெதுவான குரல், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவது போல.

“எடுக்காத கண்ணு. எடுக்க வேணாம். நான் சும்மாதான் கூப்புடறன். அம்மான்னு தெரிஞ்சாப் போதும்.”

மணிமேகலை சுவரோரம் நின்று எட்டிப் பார்த்தாள். நாகம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள். இரண்டு கையிலும் தன் பட்டன் ஃபோனைப் பிடித்திருந்தாள். ஸ்பீக்கரில் ரிங் கேட்டது.

ஒன்று. இரண்டு. கட்.

நாகம்மா மூச்சை விட்டாள்.

தோட்டத்துப் பக்கம் குழாய் இருமியது. பிறகு தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம்.

மணிமேகலை சத்தம் வந்த பக்கம் பார்த்தாள். அத்தையின் கையைப் பார்த்தாள்.

“அத்தை.”

நாகம்மா ஃபோனை முந்தானைக்குள் மறைத்தாள். அப்புறம், மறைத்துப் பயனில்லை என்று தெரிந்து, வெளியே எடுத்தாள்.

“மாமாகிட்ட சொல்லிடாதம்மா. அவன் பேரையே எடுக்கக் கூடாதுன்னுட்டாரு.”

“அவருகிட்டயா பேசறீங்க?”

“பேசல. எடுக்கமாட்டான். ரிங் போவும், கட் பண்ணிடுவான். கம்பெனில டீ குடிக்கிற நேரத்துக்குக் கூப்ட்டா எப்பவும் எடுப்பான் இல்ல? அதான் அந்த நேரத்துக்குக் கூப்புடறன்.” நாகம்மாவின் முகத்தில் வெட்கம் போல ஒன்று இருந்தது. “உனக்குச் சொல்லலாம்னுதான் இருந்தன். நீ கூப்ட்டு சண்ட போட்டீன்னா, அப்பறம் இதையும் நிறுத்திடுவான்னு பயம்.”

“எப்பருந்து அத்தை?”

“மொதல்ல அந்தப் பொம்பள கன்னடத்துல பேசுவா, ஆஃப் பண்ணியிருக்குன்னு. கார்த்திகை தீபத்தன்னிக்கி வெளக்கேத்திட்டுக் கூப்ட்டன். அன்னிக்கித்தான் ரிங் போச்சு.” கண்ணைத் துடைத்தாள். “கட் பண்றதுக்கும் உசுரு வேணுமில்ல? எனக்கு அது போதும்.”

மணிமேகலை கையை நீட்டினாள். நாகம்மா தயங்கிக் கொடுத்தாள்.

நாகம்மாவுக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. ஹரீஷ்குமார் அவளுக்காகப் பட்டனில் நம்பரைப் போட்டு, மணிமேகலையின் அட்டையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை உரித்து அதன் மேல் ஒட்டிக் கொடுத்தான். பொட்டை அழுத்திப் பிடித்தால் மகன் பேசுவான். அன்று வீடே சிரித்தது. என் பொண்டாட்டிக்கு அடுத்துப் பொட்டு வெச்ச மகாலட்சுமி இதுதான் என்று ஃபோனைக் காட்டி அவன் சொன்னதும் ஞாபகம் வந்தது.

சிவப்புப் பொட்டு. இப்போது அங்கே இருந்தது அரக்குப் பொட்டு, மூன்றாம் பட்டனில்.

“இது அவரு ஒட்டுனதா அத்தை?”

“அது தேஞ்சி உழுந்துடுச்சு. நான்தான் வேற ஒட்டுனன். உன் அட்டையிலருந்துதான் எடுத்தன்.”

“எப்ப?”

“தீபத்துக்கு முன்னாடி. வூடு கழுவுன அன்னிக்கி.”

மணிமேகலை இரண்டாம் பட்டனை விரலால் தொட்டாள். பழைய பசை விரலில் பிசுபிசுத்தது.

அரக்குப் பொட்டை அழுத்திப் பிடித்தாள். திரையில் ஆங்கிலத்தில் பெயர் வந்தது. மோட்டார்.

அம்மாவும் ஒரு அவசரத்துக்கு ஓட்டட்டும் என்று அவன் எப்போதோ மூன்றாம் பட்டனில் மோட்டாரைப் போட்டு, பெட்டியில் அவள் நம்பரையும் ஏற்றியிருக்கிறான். சொல்ல மறந்திருக்கிறான்.

ஒரு ரிங். இரண்டு. கட்.

தோட்டத்தில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

மாடு தலையை ஆட்டியது, மணி ஒலித்தது.

“என்னாம்மா? உனக்கும் கட் பண்ணிட்டானா?”

மணிமேகலை அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் கார்த்திகையிலிருந்துதான் சோறு தின்ன ஆரம்பித்திருந்தது.

“ஆமா அத்தை. கட் பண்ணிட்டாரு.”

“பாத்தியா,” என்றாள் நாகம்மா. சிரித்தாள்.

“சார்ஜ் கம்மியா இருக்குது. போட்டுத் தர்றன்.”

ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். டீ பொங்கி வழிந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

*

தொட்டியருகே நாராயணப்பன் வேறு ஆளாக நின்றிருந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுற்றியிருந்தார்.

“வந்துச்சும்மா. நீ அந்தப் பக்கம் போன, இந்தப் பக்கம் ஓடுச்சு. ஓடுன கொஞ்ச நேரத்துலயே நிறுத்திட்டான். இப்பிடி இதுவர நிறுத்தனதே இல்ல.” குரலைத் தாழ்த்தினார். “கரியப்பன் இங்க நிக்கிறது அவனுக்குத் தெரியுது. எங்கருந்தோ பாக்கறான்.”

அவர் தைல மரத் தோப்பைப் பார்த்தார். கரியப்பனும் பார்த்தான். மரங்கள் ஒன்றுபோல நின்றிருந்தன, எல்லாம் ஒரே பருமன், ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு ஆள் நிற்கும் அளவு.

“கரியப்பா, சாக்கக் கட்டு. பொட்டி இருக்கட்டும்.”

“காலைல அந்தக் குதி குதிச்ச?”

“கட்டுடான்றன்.”

கரியப்பன் மணிமேகலையைப் பார்த்தான். அவள் டம்ளர்களைத் தொட்டிச் சுவரில் வைத்தாள்.

“யானை வருதுன்னீங்களே மாமா.”

“வரட்டும்.”

“தொட்டி நெறஞ்சி வழியறதுக்குள்ள நீங்க போய் நிறுத்திடுவீங்கன்னுதான் நெனச்சிக்கிட்டிருந்தன்.”

நாராயணப்பன் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

“நிறுத்தறதுக்குத்தான் வருவன். இங்க வந்து நிப்பன். சிவப்புப் பட்டன்ல கை வெப்பன்.” துண்டைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினார். “அவன் ஓட்டறான். நான் எப்பிடிம்மா நிறுத்தறது?”

அப்படியானால் யானைக்குத் தண்ணீர் வைத்தது இவர்தான். பகல் கரண்ட் வாரத்தில் தினம் சாயந்திரம், மகன் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டு, தொட்டி வழிய வழிய நின்றிருக்கிறார்.

சொல்லாமல் விட்டுவிடலாம். அத்தைக்கு ஒரு ரிங், மாமனாருக்குக் கொஞ்சம் தண்ணீர். ஆனால் காலையில் பார்த்த தடம் வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இவர் நாளையும் இதே இடத்தில், இதே நேரத்தில், காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

மணிமேகலை இடுப்பிலிருந்து ஃபோனை எடுத்தாள்.

“இதுலருந்துதான் மாமா ஓடுது.”

“இது அவளோடது.”

“பொட்டு மாறி ஒட்டியிருக்காங்க. அவரக் கூப்புடறதா நெனச்சி இதக் கூப்புடறாங்க.”

அவருக்குப் புரிய நேரமாயிற்று. கரியப்பனுக்கு முதலிலேயே புரிந்துவிட்டது. அவன் காதிலிருந்த பீடியை எடுத்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாராயணப்பன் ஃபோனை வாங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஃபோனில் மோட்டாரைக் கூப்பிட்டார். கட்டை விரலால் பொட்டை அழுத்தினார், விடாமல்.

இரண்டு ரிங். கட். குழாய் இருமியது, தண்ணீர் கொட்டியது. சட்டைப் பையிலிருந்த அவருடைய ஃபோன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“மோட்டார் ஆன் ஆகிதே.”

மறுபடி அழுத்தினார்.

“மோட்டார் ஆஃப் ஆகிதே.”

குழாயின் வாயில் கடைசிச் சொட்டு தொங்கியது.

அவர் இரண்டு ஃபோனையும் தொட்டிச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். நாகம்மாவுடையது, தன்னுடையது. துண்டால் முகத்தை மூடினார். தோள் அசையவில்லை. எடுத்தபோது முகம் வயலைப் போலக் காய்ந்திருந்தது.

“அவளுக்குத் தெரியுமா?”

“இல்ல மாமா.”

“தெரிய வேணாம்.” திரும்பினார். “கழட்டுடா கரியப்பா.”

“அண்ணா, இன்னொரு நாளு...”

“கழட்டு.”

கரியப்பன் ஸ்க்ரூடிரைவரைத் தேடினான். வெயில் தைல மரங்களுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. மரங்களின் நிழல் தொட்டி வரை வந்து, சுவரில் ஏறி, இரண்டு ஃபோன்களையும் தொட்டது. மணிமேகலை அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு திரைகளும் கறுப்பாக இருந்தன.

குழாய் இருமியது.

கரியப்பன் கொட்டகை வாசலில் நின்றுவிட்டான். ஸ்க்ரூடிரைவர் கையில் இருந்தது. அவன் பெட்டிக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

தண்ணீர் கொட்டியது.

நாராயணப்பனின் ஃபோன் சுவரின் மேல் அதிர்ந்து நகர்ந்தது. மணிமேகலை எடுத்தாள்.

“மோட்டார் ஆன் ஆகிதே.”

நாகம்மாவின் ஃபோன் அசையாமல் கிடந்தது. அரக்குப் பொட்டு நிழலில் கண் போல இருந்தது.

“யாரும் கூப்புடல,” என்றான் கரியப்பன். “நாம யாரும் கூப்புடல அண்ணா.”

மணிமேகலை கையிலிருந்த மாமனாரின் ஃபோனிலேயே ஹரீஷ்குமாரின் நம்பரை அழுத்தினாள். மனப்பாடமான நம்பர். கன்னடப் பெண்ணின் குரலுக்குக் காத்திருந்தாள். ஆஃப் செய்திருக்கிறது என்று அவள் சொல்வாள். தினமும் சொல்வாள்.

அவள் பேசவில்லை.

ரிங் போனது.

நாராயணப்பன் அருகே வந்தார். மூன்று பேரும் அந்தச் சின்னத் திரைக்கு மேல் குனிந்தார்கள். இன்னொரு ரிங்.

கட்.

“எடுத்தானா?” என்றார் நாராயணப்பன்.

“இல்ல மாமா.” அவள் குரல் அவளுக்கே அத்தையின் குரல் போலக் கேட்டது. “கட் பண்ணிட்டாரு.”

“அவன்தானா?”

அவளுக்குத் தெரியவில்லை. மறுபடி அழைத்தாள். ஸ்விட்ச் ஆஃப்.

தொட்டி நிறைந்துகொண்டிருந்தது. கரியப்பன் சிவப்புப் பட்டனைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். நாராயணப்பன் கையை உயர்த்தினார்.

தோப்புக்குள் ஒரு கிளை முறிந்தது. பெரிய கிளை. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

“நிறுத்துண்ணா,” என்றான் கரியப்பன் மெல்ல.

தண்ணீர் விளிம்புக்கு வந்தது. ஒரு கணம் நின்றது. பிறகு சுவரைத் தாண்டி, காலையில் பதிந்த தடத்தைத் தேடிப் போனது.

யாரும் நிறுத்தவில்லை.